துண்டுக்குள் முடிவான மோட்டார் ஸ்டாண்டு

திங்கள்கிழமை

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்பது எங்கள் மாலை வகுப்பு வாத்தியார் ஏசுதாசனின் விதி. இன்று நடந்ததை எங்கே தொடங்கினால் வரிசையாக வரும் என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் பணியாரத்திலிருந்து தொடங்கினேன். சரியாக இல்லை, அடித்துவிட்டேன். தெருவிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் பஜார் ஒரே தெரு. கிழக்கிலிருந்து மேற்காகப் போகும் அந்தத் தெருவில் பஞ்சாயத்து போர்டு நட்ட பத்து விளக்குத் தூண்கள் இருக்கின்றன. முதல் தூணருகே வைகுண்டராஜ் அண்ணாச்சியின் ஜவுளிக் கடை. பத்தாவது தூணருகே சுருளியாண்டியின் பருத்தி மண்டி. இருவரும் போர்டு மெம்பர்கள். இவர் தும்மினால் அவர் கதவைச் சாத்துவார். நடுவில், ஐந்தாவது தூணின் அடியில், மொக்கம்மாக்காவின் பணியாரக் கடை. மேலே கீற்று, கீழே ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். இடம் போர்டுக்குச் சொந்தமான புறம்போக்கு. இருக்கச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தைரியமும் வந்ததில்லை.

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகும் பஸ் எங்கள் பஜாருக்குள் வந்து போகிறது. எங்கே நிற்பது என்று அதற்கு ஒரு விதியும் கிடையாது. யார் கை காட்டினாலும் நிற்கும். போன வாரம் ஓடைப்பட்டிக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டுக் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தார், பஸ் நின்றது. அவர் ஏறமாட்டேன் என்றதும் டிரைவர் இறங்கி வந்து சண்டை போட்டார். இப்போது ஜில்லா போர்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மோட்டார் ஸ்டாண்டுக்கு ஒரு இடத்தைத் தீர்மானிக்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ் ஊருக்குள் வராது.

போர்டு குமாஸ்தா அய்யாத்துரை மலேரியாக் காய்ச்சலில் படுத்திருக்கிறார். என் எழுத்து உருண்டையாக இருக்கிறது என்று வாத்தியார் சிபாரிசு செய்து என்னை அவர் இடத்தில் தற்காலிகமாக உட்கார வைத்தார். உருண்டையாக எழுதுவதும் சரியாக எழுதுவதும் ஒன்றுதானா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஸ்டாண்டு முதல் தூணருகே வர வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்சி. பத்தாவது தூணருகே என்பது சுருளியாண்டியின் கட்சி. மற்ற மெம்பர்கள் அண்ணாச்சி கடையில் துணி எடுக்கிறவர்கள், சுருளியாண்டி மண்டியில் பருத்தி போடுகிறவர்கள். ஆகவே கை தூக்கச் சொன்னால் யாரும் முழுக்கையைத் தூக்குவதில்லை. போன கூட்டத்தில் எல்லாக் கைகளும் காதுவரை வந்து, காதைச் சொறிந்துவிட்டு இறங்கின. “சில கைகள் உயர்ந்தன, நோக்கம் தெரியவில்லை” என்று நான் குறிப்பில் எழுதினேன். பிரசிடெண்ட் அதை அடித்தார்.

பிரசிடெண்ட் கருத்தக்கண்ணனுக்கு இப்போது தோட்டமும் கிணறும் இருக்கின்றன. ஆனால் வாழ்க்கையில் பெரும்பகுதி அவர் பார்த்தது மாட்டுத் தரகு. இன்று கூட்டம் தொடங்கியதும் அவர் சொன்னார்: “கை தெரியுறதுனாலதானே இந்தப் பாடு? கையை மூடிப்பிட்டா?”

“எதை வச்சுய்யா மூடுறது?” என்றார் அண்ணாச்சி.

பிரசிடெண்ட் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். “சந்தையில என்ன செய்யுறோம்? அதைத்தான் இங்கனயும் செய்வோம்.”

மெம்பர்கள் முகமெல்லாம் தெளிந்தது. சுருளியாண்டிகூட, “இதை முதல் கூட்டத்துலயே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

மாட்டுச் சந்தை பார்க்காதவர் படித்தாலும் விளங்க வேண்டும் என்பது வாத்தியாரின் இன்னொரு விதி, அதனால் எழுதுகிறேன். சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்லமாட்டார்கள். தரகர் ஒரு துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொள்வார். விற்கிறவர் அதற்குள் கையை விட்டுத் தரகரின் விரலைப் பிடிப்பார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. அதற்கு மேலே என்றால் மறுபடியும் பிடித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். பேச்சு முடிந்ததும் தரகர் துண்டை எடுப்பார். துண்டை எடுத்த பிறகு பேச்சு மாறக் கூடாது. மாறினால் பெரியகுளம் முதல் கம்பம் வரை அவனிடம் ஒருவரும் மாடு வாங்கமாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள்.

ஏற்பாடு எளிதாக இருந்தது. ஒவ்வொரு மெம்பரும் வந்து, தமக்குப் பிடித்த தூண் எதுவோ அந்த எண்ணைத் துண்டுக்குள் பிடித்துக் காட்டுவது. பிரசிடெண்ட் எண்ணை மட்டும் எனக்குச் சொல்வது. நான் பெயரில்லாமல் எழுதுவது.

முதலில் அண்ணாச்சி கையை விட்டார். ஒரு விரலைப் பிடித்துவிட்டு எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் எழுந்திருக்கவில்லை. துண்டு அசைந்தது. அண்ணாச்சி முகம் சுளித்தார். மறுபடியும் துண்டு அசைந்தது. “அது எப்படிய்யா?” என்றார். பிரசிடெண்ட் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். துண்டு விலகியது.

“அஞ்சு” என்றார் பிரசிடெண்ட். எழுதினேன்.

அடுத்து சுருளியாண்டி. பாதியில் அவர் கையை உருவிக்கொண்டு வாசல்வரை போனார். பிரசிடெண்ட் அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். சுருளியாண்டி திரும்பி வந்து உட்கார்ந்து கையை விட்டார். “போங்கய்யா, ஒங்க மூஞ்சிக்காகத்தான்” என்றார்.

“அஞ்சு.”

ரகசிய ஓட்டு என்றால் இப்படித்தான் நேரம் ஆகும்போலும் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. மற்ற மெம்பர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் அஞ்சு.

“போர்டு ஏகமனதாக ஐந்தாவது தூணைத் தேர்ந்தெடுத்தது” என்று எழுதி வாசித்தேன்.

“நான் ஒண்ணுதானய்யா பிடிச்சேன்!” என்றார் அண்ணாச்சி.

“ஒண்ணுல ஆரம்பிச்சீக. அஞ்சுல முடிச்சீக” என்றார் பிரசிடெண்ட்.

“நீருதானே அமுக்கி அமுக்கி ஏத்துனீரு!”

“என்னைய மட்டும் பத்துலருந்து எறக்குனாக!” என்று சுருளியாண்டி எழுந்தார்.

பிரசிடெண்ட் தம் வலது கையைத் தாமே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் எங்க அமுக்குனேன்? துண்டைப் போட்டா இது பாட்டுக்கு அமுக்குது. கீழ கேட்டா ஏத்தும், மேல கேட்டா எறக்கும். இத்தனை வருசமா இதுக்கு அதுதானே சோலி.”

“அப்ப இந்த ஓட்டு செல்லாதுன்னு எழுதிரலாம்” என்றார் ஒரு மெம்பர்.

“துண்டை எடுத்தாச்சே” என்றார் பிரசிடெண்ட் மெதுவாக.

எல்லோரும் துண்டைப் பார்த்தார்கள். ஆமாம், எடுத்தாயிற்று. சட்டமாக இருந்தால் ஏதாவது வழி பார்த்திருப்பார்கள். இது துண்டு.

அப்போதுதான் பணியாரம் வந்தது. போர்டு கூட்டம் என்றால் மொக்கம்மாக்கா ஒரு கூடை நிறையப் பணியாரம் கொண்டுவந்து மெம்பர்களுக்குக் கொடுப்பாள். இரண்டு கட்சிக்கும் ஒரே அளவு. ஸ்டாண்டு எந்தக் கோடிக்குப் போனாலும் நடுவில் இருக்கிற தனக்குக் கவலையில்லை என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

“என்ன, முடிஞ்சதா? கெழக்கயா, மேக்கயா?” என்று கேட்டுக்கொண்டே இலையில் வைத்துக் கொடுத்தாள்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தவர்கள் பணியாரத்தைப் போட்டு மூடிக்கொண்டார்கள். பிரசிடெண்ட் என்னைக் காட்டி, “எழுதுனது தம்பிதான். தம்பி சொல்லும்” என்றார்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

மொக்கம்மாக்கா நான்கு பக்கமும் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவர் கையிலிருந்தும் இலையைப் பிடுங்கிக் கூடைக்குள் போட்டாள். சுருளியாண்டி பாதி கடித்து வைத்திருந்ததையும் விடவில்லை.

“எங்கடைய இடிச்சு பஸ்ஸை நிறுத்துவீக, எம்பணியாரத்தையும் திம்பீகளா? முழுங்குனவுக பூரா வெளிய வந்து கக்குங்க!”

அண்ணாச்சி உண்மையாகவே எழுந்து வாசல் பக்கம் நடந்தார். கக்கவா, தப்பவா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை

மொக்கம்மாக்கா காலையிலேயே போர்டு ஆபீசுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கடையைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. “கெடந்து யோசிச்சுப் பாத்தேன். எனக்குப் பணியாரம் சுடுறதைத் தவிர ஒரு எழவும் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானும் போர்டு மெம்பராயிருப்பேன்” என்றாள்.

விதிப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். தீர்மானத்தால் பாதிக்கப்படுகிறவர் அடுத்த கூட்டத்தில் ஆட்சேபணை சொல்லலாம், போர்டு கேட்க வேண்டும் என்று இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

“காதால கேப்பாகளா, கையால கேப்பாகளா?” என்றாள்.

புத்தகத்தில் அது இல்லை. ஆனால் அவள் கேட்டது சரி. துண்டுக்குள் முடிந்ததைத் துண்டுக்குள்தான் மாற்ற முடியும். பிரசிடெண்டிடம் போய்க் கேட்டேன். அவரும் ஒப்புக்கொண்டார். பேச்சை முறிப்பதுதான் தப்பு, புதிதாக ஒரு ஆள் வந்து புதிதாகப் பேசினால் அது வேறு பேச்சு என்றார். “ஆனா பொம்பளை கையைத் துண்டுக்குள்ள பிடிச்சேன்னு எங்க வீட்டுல தெரிஞ்சா எனக்குச் சோறு கெடையாது. அது சார்பா ஒரு ஆம்பளைய அனுப்பச் சொல்லு.”

இதைச் சொன்னதும் மொக்கம்மாக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அக்கா, நான் வேண்டாம்” என்றேன்.

“இந்த ஊர்ல இருக்குற ஆம்பளைக பூரா ஒண்ணு அண்ணாச்சி ஆளு, இல்லாட்டி சுருளியாண்டி ஆளு. ரெண்டு பேருமே வேணாமுன்னு விட்டது ஒன்னையத்தான்.”

பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிரசிடெண்டின் கை எப்போதும் நடுவுக்குத்தான் கொண்டுவரும். ஒன்றுக்கும் பத்துக்கும் நடு ஐந்தரை. அரைத் தூண் கிடையாது என்பதால் ஐந்து. இப்போது போர்டின் பேச்சு ஐந்து. நாங்கள் எவ்வளவு கேட்டால் எங்கே வந்து நிற்கும்?

“இருபதுன்னு ஆரம்பி” என்றாள்.

“அக்கா, பத்துத் தூண்தானே இருக்கிறது?”

“மாட்டுக்காரன் முதல்ல கேக்குற வெல மட்டும் எங்கயாச்சும் இருக்கா? கேளு நீ.”

ஐந்துக்கும் இருபதுக்கும் நடு பன்னிரண்டரை. பன்னிரண்டு என்றால் சுருளியாண்டி மண்டியைத் தாண்டி, ஊர்க்கோடியில், ஓடைக்கு இந்தப் பக்கம். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. “அங்கன எறங்குறவன் பஜாருக்குள்ள நடந்துதானே வரணும்? நடந்தாப் பசிக்கும். பசிச்சா நான் இருக்கேன்.”

புதன்கிழமை

வகுப்புக்கு முன்னால் அவள் கடையில் பயிற்சி. அவள் பிரசிடெண்ட், நான் நான். அடுப்புத் துடைக்கும் துணிதான் துண்டு.

இருபதில் ஆரம்பித்து ஏழில் முடித்தேன். மறுபடியும் இருபதில் ஆரம்பித்து ஆறில் முடித்தேன். கடைசி முறை மூன்றில் முடித்தேன். மூன்றை அவள் கேட்கவே இல்லை.

“ஏலே செல்வமணி! நீ மாடு விக்கப் போனா, மாட்டைக் குடுத்து, கயித்தைக் குடுத்து, சாணி அள்ள நீயும் கூடப் போயிருவடா!”

என் கஷ்டம் என்னவென்றால், ஒருவர் என் விரலை அமுக்கினால், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், அதனால்தான் அமுக்குகிறார் என்று எனக்குத் தோன்றிவிடுகிறது. இதை அவளிடம் சொன்னேன்.

“அவுகளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அமுக்குறது வெறும் பழக்கம். நீ அதைக் கண்டுக்கிறாத. வேற எதையாச்சும் நெனச்சுக்க. சாமியைக் கும்புடு, இல்லாட்டி ஒரு பாட்டைப் பாடு.”

பாட்டு எனக்கு வராது. வாய்ப்பாடு வரும். பதினாறாம் வாய்ப்பாட்டை மனத்துக்குள் சொல்வது என்று தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை

இன்று கூட்டம். போர்டு ஹாலில்தான் எங்கள் மாலை வகுப்பும் நடக்கும் என்பதால் வகுப்பில் படிக்கிறவர்கள் எல்லோரும் முன்னதாகவே வந்து சுவரோரம் நின்றார்கள். மொக்கம்மாக்கா வாசலில் நின்றாள். கூடை கொண்டுவரவில்லை. மெம்பர்கள் அதைக் கவனித்தார்கள்.

நான் எதிரில் உட்கார்ந்ததும் பிரசிடெண்ட் சிரித்தார். “பயப்படாதய்யா. வலிக்காது” என்று துண்டை விரித்தார்.

அவர் கை முழுவதையும் பிடித்தேன். ஐந்து. மறுபடியும் பிடித்தேன். பத்து. மறுபடியும். மறுபடியும். இருபது.

“அடேயப்பா!” என்றார்.

அவர் விரல்கள் என் விரல்களைப் பிடித்தன. ஐந்து, அப்புறம் ஒன்று. ஆறு என்று அர்த்தம். உடனே என் மனம், ஆறும் நல்ல எண்தானே என்றது. அவசரமாக வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். ஓர் பதினாறு பதினாறு. ஈர் பதினாறு முப்பத்திரண்டு. அவர் அமுக்கினார். மூன்று பதினாறு நாற்பத்தெட்டு. பிசைந்தார். நான்கு பதினாறு அறுபத்துநான்கு. ஐந்து பதினாறு எண்பது. ஆறு பதினாறு தொண்ணூற்றாறு.

ஏழு பதினாறு.

வரவில்லை. ஏழு பதினாறு எவ்வளவு? நூற்றைத் தாண்டும் என்பது தெரிந்தது. நூற்றெட்டா? இல்லை, அது பன்னிரண்டாம் வாய்ப்பாடு. நூற்றுப் பதினாறா? வகுப்பில் போன மாதம்கூடச் சொன்னேனே. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் ஒரு போர்டு ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த எண்ணைத் தேடுவதில் என் கை எங்கே இருக்கிறது என்பதையே மறந்துவிட்டேன்.

இனி நான் எழுதுவது வாத்தியாரும் பிரசிடெண்டும் பிறகு சொன்னது. பிரசிடெண்ட் எட்டு காட்டினார். என் கை அசையவில்லை. பத்து காட்டினார், பன்னிரண்டு காட்டினார். கை கல்லாகக் கிடந்தது. நான் அவரைத் தாண்டிச் சுவரை வெறித்துக்கொண்டிருந்தேனாம். அவர் கையை உருவிக்கொண்டு வாசல்வரை போய்ப் பார்த்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டுக்குள் என் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. அவர் திரும்பி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பய யாரு வீட்டுப் பிள்ளைடா?” என்று ஒரு மெம்பர் கேட்டாராம். “கம்பத்துச் சந்தையில இப்படி ஒரு கையைப் பாத்ததில்ல” என்றாராம் இன்னொருவர்.

பதினைந்து. அசையவில்லை. பதினெட்டு. அசையவில்லை.

பிரசிடெண்ட் துண்டை இழுத்துத் தரையில் போட்டார். “இருபது! நான் தோத்துட்டேன்! இவன்கிட்ட மனுசன் பேச முடியாது!”

அந்த நொடியில்தான் எனக்கு விடை கிடைத்தது.

“நூற்றுப் பன்னிரண்டு!” என்று கத்தினேன்.

பிரசிடெண்ட் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “அய்யய்யோ! இருபதுதானேய்யா முடிச்சோம்! நூத்திப் பன்னெண்டாவது தூணுன்னா கம்பத்துக்காரன் நம்ம பஸ்ஸைப் பிடிச்சுக்கிருவானே!”

இல்லை, இருபதுதான் என்று சொல்லி அவரை அமர வைக்க வாத்தியார் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. மொக்கம்மாக்கா வாசலில் குலவை போட்டாள்.

பன்னிரண்டு போதும் என்று நாங்கள் பேசி வைத்திருந்தது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வெற்றிக்கு நடுவில் அதைச் சொல்வது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். அதுவும் தப்புத்தானோ என்னவோ.

சனிக்கிழமை

இல்லாத தூணை இருக்கிற இடத்தில் கண்டுபிடிக்கும் வேலை என்னுடையது. இரண்டு தூணுக்கு நடுவில் உள்ள தூரத்துக்கு ஒரு கயிறு எடுத்து, பத்தாவது தூணிலிருந்து மேற்கே போட்டுக்கொண்டே போனோம். போர்டு முழுவதும் கூட வந்தது. மண்டியைத் தாண்டினோம். ஓடையில் இறங்கி ஏறினோம். கருவேல மரங்களுக்குள் நுழைந்து வெளியே வந்தோம். பத்தாவது கயிறு முடிந்து இருபதாவது தூண் வர வேண்டிய இடத்தில், ஆடு மேய்க்கும் தவசி கிடை போட்டிருந்தார்.

“இங்கனயா மோட்டார் ஸ்டாண்டு?” என்று தவசி கேட்டார். “யாரு எறங்குவா? என் ஆடா?”

“ஊரு வளர வேண்டாமா?” என்றார் பிரசிடெண்ட். அவர் வேட்டியில் முள் மாட்டியிருந்தது.

அண்ணாச்சியும் சுருளியாண்டியும் வாழ்நாளில் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று திருப்தியாகச் சிரித்தார்கள். அவனுக்குக் கிடைக்கவில்லை என்று இவரும், இவனுக்குக் கிடைக்கவில்லை என்று அவரும். ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். ஆடுகள் வந்து அதை நக்கிப் பார்த்துவிட்டுப் போயின.

அடுத்த மாதம், ஒரு வியாழக்கிழமை

பல நாள் எழுதவில்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் நடந்தது.

பஸ் இப்போது பஜாருக்குள் நுழையாமல் வெளியே சுற்றி வந்து கல்லருகே நிற்கிறது. இறங்குகிறவர்கள் சுற்றிலும் பார்க்கிறார்கள். ஆடு, கருவேலம், தவசி. “ஊரு எங்கப்பா?” என்கிறார்கள். தவசி கிழக்கே கை காட்டுகிறார். கை காட்டினால் பஸ் நிற்கும் என்ற பழக்கத்தில் டிரைவர் புறப்பட்ட பஸ்ஸை மறுபடியும் நிறுத்துகிறார். இறங்கியவர்களில் பாதிப்பேர் திரும்ப ஏறிக் கம்பத்துக்கே போய்விடுகிறார்கள். நடந்து வந்தால் பசிக்கும் என்று மொக்கம்மாக்கா போட்ட கணக்கு சரி. ஆனால் ஒருவரும் நடப்பதில்லை.

பஜார் காய்கிறது. அண்ணாச்சி கடையில் துணியை விரித்து மடிக்கிறார்கள், மறுபடியும் விரித்து மடிக்கிறார்கள். மொக்கம்மாக்கா கடையில் சாயங்காலம்வரை பணியாரம் அப்படியே இருக்கிறது. என்னால் வந்தது என்று நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தேன். இன்று அவளே ஆபீசுக்கு வந்தாள். திட்டுவதற்குத்தான் என்று எழுந்து நின்றேன்.

“எந்திரிச்சதும் நல்லதாப் போச்சு. வா, வந்து கூரையப் பிரி” என்றாள்.

“எந்தக் கூரையை?”

“எங்கடைக் கூரையத்தான். ஓடைக்கு அங்கிட்டுப் போகப் போறேன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அக்கா, இந்தக் கடையை இடிக்கக் கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தோம்?”

“அவுக இடிக்கக் கூடாதுன்னு சொன்னேன். நான் பிரிக்கக் கூடாதுன்னா சொன்னேன்?” என்றாள். “நேத்து அங்கன போய்ப் பாத்தேன். பஸ்ஸைவிட்டு எறங்குறவன் பேய் முழி முழிக்கிறான். அவன் கையில சூடா ரெண்டு பணியாரத்தை வச்சா, அதுதான் ஊருன்னு உக்காந்துருவான்டா.”

கூரையைப் பிரித்தோம். பணியாரக் கல்லை அவள் தலையில் வைத்துக்கொண்டாள். பெஞ்சை நான் தூக்கினேன். ஓடையில் அவள் முன்னால் போனாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்கு வாங்கியது.

அதற்கு அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை

பஸ்ஸில் இறங்கியவர்கள் இப்போது திரும்ப ஏறுவதில்லை. ஏறவேண்டியவர்களும் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தவசி ஆட்டை விட்டுவிட்டு இலை தைக்கிறார். அண்ணாச்சி நேற்று தனியாக வந்து, கல்லுக்குக் கிழக்கே ஒரு சின்னக் கொட்டகை போட போர்டு அனுமதிக்குமா என்று என்னைக் கேட்டார். சுருளியாண்டி இன்று தனியாக வந்து, மேற்கே கேட்டார்.

இடைஞ்சல் ஒன்றுதான். மொக்கம்மாக்கா அடுப்பைப் போட்டிருப்பது ஸ்டாண்டு கல் நட்ட இடத்திலேயே. நாங்கள் நட்ட கல்லை அவள் அடுப்புக்கு ஒரு பக்கத்துக் கல்லாக வைத்துக்கொண்டாள். பஸ் பத்தடி தள்ளித்தான் நிற்கிறது. “பஸ்ஸுக்குச் சக்கரம் இருக்கு, தள்ளிக்கிரும். எனக்கு இருக்கா?” என்கிறாள். டிரைவர் ஆட்சேபிக்கவில்லை. அவருக்கு இரண்டு பணியாரம் தனியாக வருகிறது.

ஆனால் ஜில்லா போர்டிலிருந்து இன்று விசாரணைக் கடிதம் வந்துவிட்டது. மோட்டார் ஸ்டாண்டுக்கென்று தீர்மானித்த இடத்தில் ஒரு பணியாரக் கடை ஆக்கிரமித்திருப்பதாகத் தெரிகிறது, உண்மையானால் உடனே அகற்றவும் என்று இருந்தது. பிரசிடெண்ட் அதை என் பக்கம் தள்ளினார். “அளந்தது நீதானே. பதில் எழுது. பொய் எழுதிறாத.”

பகல் முழுவதும் யோசித்தேன். அய்யாத்துரையாக இருந்தால் நிச்சயமாக ஏதாவது எழுதியிருப்பார். எனக்கு நிச்சயம் என்று ஒன்று எப்போதுமே வந்ததில்லை. கடைசியில், எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன்:

“இருபதாவது விளக்குத் தூண் என்று ஒன்று இல்லை. அது இருந்திருந்தால் எங்கே இருந்திருக்கும் என்பதைக் கயிற்றால் அளந்தோம். கயிறு ஓடையில் நனைந்தது. நனைந்த கயிறு எவ்வளவு சுருங்கும் என்பது எனக்குத் தெரியாது. ஆகவே கடை ஸ்டாண்டின் மேல் இருக்கிறதா, ஸ்டாண்டு கடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை. பஸ் எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கிறது.”

பிரசிடெண்ட் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசி வாக்கியத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

“கயிறு நெசமாவே நனைஞ்சதா?”

“ஓடையில் தண்ணீர் இருந்தது. கயிறு ஓடையில் கிடந்தது. நனைந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறேன்னும் எழுதிச் சேத்துரு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். “இதைப் படிச்சா அவுக திருப்பிக் கேள்வி கேக்க மாட்டாக.”

அவர் போன பிறகு, “கயிறு நனைந்தது என்று நினைக்கிறேன்” என்ற வாக்கியத்தையும் சேர்த்தேன். மை காய்ந்ததும், தபாலில் போடுவதற்குச் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க ஓடையைத் தாண்டிப் போனேன். மொக்கம்மாக்கா ஒரு கூட்டத்துக்கு நடுவில், வாய் ஓயாமல், சுட்டுக்கொண்டிருந்தாள்.